வெள்ளைமலையில் எதிர்வீட்டுச் சுண்ணாம்பு

யாங்கோன் நகரத்துத் தாமுவேயில் என் அடுத்த வீட்டுக்காரரின் அக்கா மீனாட்சி வெள்ளைமலையில் இருக்கிறார். மழை முடிந்து விளக்குத் திருவிழாவுக்கு முன் ஊரே சுண்ணாம்பு அடிக்கும், வந்து பாருங்கள் என்று வெகுநாளாக அழைத்தார். ஆசிரியப் பணி ஓய்வுக்குப் பிறகு, இந்த ஆண்டுதான் போக முடிந்தது.

யாங்கோனிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்து. பா-ஆன் வரை முப்பத்தைந்தாயிரம் சாட் கட்டணம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, இரண்டு மணிக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் மூன்று சக்கர வண்டி. ஓட்டியவர் கோ மணி, அதே ஊர்க்காரர்.

"ஸயாமா, மீனாட்சிக்கா வீட்டுக்கு எப்ப அடிப்பாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க," என்றார். ஸயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்.

"ஏன்?"

"அவங்க மவன் குமார் தாய்லாந்துல மீன்பிடி படகுக்குப் போனவன். போன மழையிலேருந்து ஒரு தகவலும் இல்ல."

சுண்ணாம்புக் கல் மலை அது. சூளை வேலைக்கு வந்த தமிழர்கள், விலை போகாத சுண்ணாம்பைத் தங்கள் சுவருக்கு அடித்துக்கொண்டார்கள். அப்படித்தான் ஊர் வெளுத்தது. இன்று இரண்டு சூளைகளே புகைகின்றன. பிள்ளைகள் பர்மியத்தில்தான் விளையாடுகிறார்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை: தன் வீட்டுக்குத் தானே அடிக்கக் கூடாது, எதிர்வீட்டுக்காரர் அடிக்க வேண்டும். வகுப்பில் விடைத்தாளைப் பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றித் திருத்தச் சொல்வோமே, அதுபோல. உங்கள் சுவரைத் தினமும் பார்ப்பவர் அவர்தானே. சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் அந்த ஆண்டு அடிப்பதில்லை.

படிப்படியாக ஏறும் தெருவில் எல்லா வீடும் கண்ணைக் கூச வைத்தது, ஒன்றைத் தவிர. மழைப்பாசி படிந்த அந்தச் சுவருக்குள் மீனாட்சி எனக்கு மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் ஊற்றிக் கொடுத்தார். எதிர்வீட்டுப் பெரியவர் ஊ சின்னய்யா தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

"நான் வேணா அடிக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க அடிச்சா அது வெறும் சுண்ணாம்பு ஸயாமா," என்றார் மீனாட்சி. "அவர் மனசுல பையன் இருக்கானா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும்."

மறுநாள் மீனாட்சி வாசல் பக்கமே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வாளி வைக்கும் சத்தம் கேட்டதும் கை நின்றது. எழுந்து வெளியே வந்தார்; ஏணியோடு சின்னய்யா நின்றிருந்தார்.

"தங்கச்சி, ஏணியைப் பிடி."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாண்ணே? இத்தனை நாள்ல மலையே கரைஞ்சிருக்கும்."

"முட்டி வலி." சின்னய்யா மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். "அடிக்காம விட்டா அப்புறம் உன் மவன் வந்து என்னையில்ல திட்டுவான், வீட்டை இப்படிப் போட்டியேன்னு."

மீனாட்சி ஏணியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தில் தெறித்ததைத் துடைக்கவும் இல்லை.

போக நினைப்பவர்கள் திருவிழாவுக்கு முந்தைய வாரம் போங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். தங்கும் விடுதி கிடையாது, தெரிந்த வீடு வேண்டும். ஈரச் சுவரில் சாயாதீர்கள். அடிக்காத வீட்டைப் படம் எடுக்காதீர்கள்.

குமார் வந்தானா என்று கேட்டு எழுதுவீர்கள், தெரியும். இன்று காலை மீனாட்சியிடம் தொலைபேசியில் பேசினேன். சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்த செய்தி அவ்வளவுதான்.