கெகிரேயும் அதன் தங்கையும்

எங்கள் ஊரில் ஊல்கான் தொட்டுப் பார்க்காத புல்லைக் குதிரைக்குப் போட யாருக்கும் துணிச்சல் வராது. நானும் அவளும் ஒரே தெரு. அவள் வாய்த்துடுக்கு எனக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் அவள் கட்டைவிரலை நம்பினேன்.

மலையடிவாரத்தில் அக்கா தங்கை போல இரண்டு செடிகள். இரண்டிலும் ஊதாப் பூ. காய்ந்தால் ஒரே பழுப்பு. தங்கையைத் தின்றால் ஒன்றும் ஆகாது. அக்காவின் பெயர் கெகிரே. கசப்பென்று குதிரை முதலில் ஒதுக்கும், நாக்கு பழகிவிட்டால் அதையே தேடித் தின்னும். இரண்டு மாதத்தில் வாய் விறைத்துப் பட்டினியால் சாகும். மருந்து கிடையாது. பூவுக்கடியில் செதிலைத் தடவினால்தான் வித்தியாசம் தெரியும்: தங்கையில் சீப்புப் பல் போலக் கரகரக்கும், கெகிரேயில் வெங்காயத் தோல் போல வழுக்கும்.

அந்த வருடம் அவள் கொழுந்தன் கச்கின், ஒரு வண்டி நிறையப் புல் கொண்டுவந்தான். ஊல்கான் மேலாக மூன்று பூவை உருவித் தடவினாள்.

"என்ன அண்ணி, கையை உள்ள விடலையா? என் மேல அவ்வளவு பாசமா?"

"பாசமாவது மண்ணாவது! உள்ள கைய விட்டா உங்கண்ணன் என்னைத் துரத்திருவாரு."

சொந்தக்காரன் சுமைக்குள் கை விடுவது அவனைத் திருடன் என்பதற்குச் சமம். மூன்று பூவும் கரகரத்தன. நல்ல புல் என்றாள். நாங்களும் வாங்கினோம்.

பனிக்காலத்தில் அவளுடைய சினைக்குதிரை அந்தப் புல்லைக் கண்டு முகம் திருப்பியது, பிறகு விழுந்து விழுந்து தின்றது. அவள் பார்த்தாள். நல்ல புல் என்று சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒருநாள் காலை அந்தக் குதிரை, வாயில் புல் தொங்க, கண்வரை தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி நின்றது. விழுங்க முடியவில்லை. ஊல்கான் புல்லுக்கட்டின் நடுவில் கை விட்டாள். எடுத்த பூவெல்லாம் வழுக்கின.

என் வீட்டுக்கு வந்து சொன்னாள். வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு இருவரும் கச்கின் வீட்டுக்கு ஓடினோம்.

"வாங்க அண்ணி! நீங்க நல்ல புல்லுன்னீங்கன்னு எட்டுக் குதிரைக்கும் அதையேதான் போட்டேன். இப்பப் பாருங்க, வேற எதையும் மோந்துகூடப் பாக்க மாட்டேங்குதுங்க!"

ஊல்கான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.