வாலாஜா அக்காவும் ஆம்பூர் தம்பியும்

ஊர் சுற்ற நான் ஆம்பூர் போகவில்லை. பிரியாணிக்காகவும் இல்லை (சாப்பிட்டேன், அது வேறு). போன ஜனவரியில், ஒரு தாயிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. போனில் கேட்கிற கேள்வி அல்ல.

ஆராய்ச்சிக்கூடங்களின் மரபணுத் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைப்பது என் வேலை. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, லேசில் பேசாது. எங்களிடம் வந்த இரண்டில் ஒன்று மரபணு வரைபடத்தின் பழைய எண்களில் இருந்தது, மற்றது புதிய எண்களில். நம் தெருக் கதவுகளில் பழைய நம்பர், புதிய நம்பர் என்று இருக்கிறதே, அதே கூத்துதான். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியதும், இரண்டு குழந்தைகளிடம் ஒரே அபூர்வ மாற்றம் தெரிந்தது. வாலாஜாபேட்டைப் பெண் குழந்தை வலிப்பிலேயே இறந்துவிட்டாள். ஆம்பூர்ப் பையன் வலிப்போடு போராடிக்கொண்டிருந்தான். பெயர் பார்க்கும் உரிமை பையனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு மட்டும்தான். இரண்டு தாய்மாரும் நசீமா என்றார் அவர். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு நசீமா. உடன்பிறந்தவர்கள் என்று உறுதியானால், வலிப்புக்கு அந்த மாற்றம்தான் காரணம் என்று நம்பி, ஒரு விட்டமின் மாத்திரையிலேயே வலிப்பை அடக்கிப் பார்க்கலாம் என்றார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு வேலூரில் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஆம்பூரில் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். "தோல் கம்பெனி பக்கமா? ஏறுங்க மேடம், ஸ்மெல்லு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார் டிரைவர். பொய் சொல்லவில்லை.

நசீமாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. மடியில் இரண்டு வயது இம்ரான். நான் வருவதை டாக்டர் சொல்லி வைத்திருந்தார். "இவனுக்கு முன்னாடி..." என்று இழுத்தேன்.

"ஒரு பொண்ணு இருந்தா மேடம். சல்மா. தலைப் பிரசவத்துக்கு வாலாஜால அம்மா வூட்டுக்குப் போனேன். அங்கதான் அவளுக்கு உடம்பு முடியாம போச்சு. ரத்தம் எடுத்தப்போ அந்த அட்ரஸ்தான் குடுத்தோம்."

அட, இவ்வளவுதானா! ஊரே தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறது. முகவரியை வைத்துக் குடும்பம் பிரிக்கும் எங்கள் மென்பொருளுக்கு அது தெரியவில்லை. பதிவுகளைச் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டும் என்று விளக்கினேன். அவர் கேட்டது வேறு.

"அவ ரத்தம் இன்னும் இருக்குதா மேடம்?"

"இருக்கு. பத்திரமா வச்சிருக்காங்க."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான். பிறகு கையெழுத்துப் போட்டார்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போங்கள், கம்பெனிக் கூட்டம் இல்லாமல் பஸ்ஸில் இடம் கிடைக்கும். எங்காவது ரத்த மாதிரி கொடுத்தால் தாய்வீட்டு முகவரி, புகுந்த வீட்டு முகவரி இரண்டையும் சொல்லுங்கள். நாங்களும் இப்போது இரண்டையும் கேட்கிறோம்.

சித்திரையில் நசீமா போன் செய்தார். மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு வரவில்லையாம். பேச்சுக்கு நடுவில் இம்ரான் மாத்திரை வேண்டாமென்று முரண்டு பிடிப்பது கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவனிடம் சொன்னார்.

"அக்கா குடுத்தனுப்பினது பேட்டா. முழுங்கு."