வசுமதியின் பெயரில் ஒரு மண்சரிவு

கம்போங் ராஜா என்ற மலை ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் வசுமதி. அம்மாவைப் போலக் கொழுந்து பறிக்கப் போகாமல் வேன் ஓட்டப் பழகினாள். மலைக்கும் கீழே ஈப்போ நகரத்துக்கும் தினமும் ஓட்டம். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டுப் பலர் நடுவழியில் தவித்த பிறகு, சாலை நிலவரம் சொல்ல ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினாள். அவள் வரலாம் என்றால் காய்கறி லோரிகள் கிளம்பும். வேண்டாம் என்றால் நிற்கும்.

போன மாதம் ஹரிதாஸ் என்றொருவன் வந்தான். எல்லாருக்கும் இலவசமாக மழை எச்சரிக்கை அனுப்பப் போவதாகச் சொன்னான். குழுவில் யார் யார் ஈப்போவில் வேலை செய்கிறார்கள், ஓட்டுப் போட யார் ஊருக்கு வருவார்கள் என்றும் கேட்டான். நல்ல காரியம்தானே என்று நினைத்து வசுமதி எல்லாம் சொன்னாள், எண்களையும் கொடுத்தாள்.

தேர்தலன்று, ஈப்போவில் வேலை செய்யும் அவள் தம்பி அகிலன் ஓட்டுப் போட வந்து சேரவில்லை. போன் போட்டாள்.

"நீதானே லா மண்ணு சரிஞ்சிருச்சின்னு அனுப்புன? மலையடிவாரத்துல, சிம்பாங் பூலாய் கடையில உக்காந்திருக்கோம்."

"நான் எங்கடா அனுப்புனேன்? ரோடு நல்லாத்தான் கெடக்கு!"

"உன் படம் இருக்கே. புது நம்பருன்னு போட்டிருந்துச்சி. வெளியூர்ல இருக்கிற எங்களுக்கு மட்டுந்தான் வந்திருக்கு. அம்மாவுக்கு வரல."

உடனே ஹரிதாஸை அழைத்தாள். அவன் போன் அணைந்து கிடந்தது. ஈப்போவில் இருக்கும் பிள்ளைகள் எந்தப் பக்கம் போடுவார்கள் என்று தோட்டத்துக்கே தெரியும். அவர்கள் வராவிட்டால் யாருக்கு லாபம் என்பதும் தெரியும்.

பாதை திறந்திருக்கிறது என்று குழுவில் எழுதினாள். "எந்த வசுமதி நெசம்?" என்று ஒருவர் கேட்டார். சாலையைப் படம்பிடித்து அனுப்பினாள்.

"இது பழைய வீடியோ," என்றார் லோரி ஓட்டும் வீரப்பன்.

அதற்கு மேல் எழுதிப் பயனில்லை. வேனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாள். மூடிக் கிடப்பதாகச் சொன்ன பாதையிலிருந்து வேன் வந்து நின்றதும், கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"வாய் பாக்காம ஏறுங்க லா, ஓட்டுப் போடுற எடத்துல கேட்டை மூடிருவாங்க!"

பாதிப் பேர் அதற்குள் ஈப்போவுக்கே திரும்பியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்குள் அவர்கள் ஓடினார்கள்.

அகிலன் விரலில் மையோடு வந்தான்.

"அக்கா, அடுத்த மழையில நெசமாவே சரிஞ்சா? நீ வராதன்னு சொன்னா கேப்பாங்களா?"

"இனிமே பேசியே அனுப்புறேன். என் குரல் தெரியாதா?"

"இப்ப குரலயும் போலியா செஞ்சிடுறாங்கக்கா."

வசுமதி அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து ஊரான திரிங்காப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.