குங்குமம் வைத்த கடிதம்

நாஃப்லியோவுக்குப் போகிறவர்கள் கோட்டையையும் கடலையும் பார்க்கப் போவார்கள். கிரேக்க நாட்டுக்கு ஒரு காலத்தில் அதுதான் தலைநகரம் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். நான் போனது என் தம்பியின் எலும்பைக் கேட்டு வாங்கிவர.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டம்பர் மாதம் அது. நான் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் எந்திரப் பராமரிப்பு ஃபோர்மேன். தம்பி கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தவன். கப்பலுக்கு ஃபிட்டர் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே நான்தான். "லேத்து முன்னால நின்னே கெழவனாகப் போறயா?" என்று கேட்டு அவனைக் கிளப்பிவிட்டதும் நான்தான். அதுவரை அவன் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணறும் வாய்க்காலும்தான். சரக்குக் கப்பலில் சேர்ந்த இரண்டாவது வருஷம், நாஃப்லியோ துறைமுகத்தில் நின்றிருந்தபோது எந்திர அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். எங்களுக்குத் தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அந்த நாட்டில் அப்போது பிணத்தை எரிக்கும் வழக்கம் இல்லை. புதைத்துவிட்டார்கள்.

உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்து, கருமாதியை முடித்துவிடலாம் என்று ஐயர் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒடம்பு இருக்கறப்ப புல்ல எதுக்குங்க சாமி எரிக்கோணும்? என்ற பையன் காணாமயா போயிட்டான்? படுத்திருக்கற எடம் தெரியுமல்லங்க. ஒரே ஒரு எலும்பு வந்தாப் போதும், கொடுமுடில காவேரில உட்டுப்போடுவேன். அதுவரைக்கும் அவன் வாசப்படியிலதான் நிப்பானுங்க." அன்றிலிருந்து அம்மா ஒரு வேளைச் சோறுதான். சொல்லிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு பதிவுத் தபால் வந்தது. ஒரே தாள். மேலே வட்ட முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் தம்பியின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில். மற்றதெல்லாம் கிரேக்கம். கோயமுத்தூரில் கிரேக்கம் படிக்க யாரைப் போய்த் தேடுவது? தேடினால் ஒரு பாதிரியாராவது கிடைத்திருப்பார். நான் தேடவில்லை. படித்தவன் என்ற திமிரில், இது அனுதாபக் கடிதம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "மூணு வருசங் கழிச்சும் நெனப்பு வெச்சு எழுதியிருக்காங்க பாரு, தங்கமான சனம்" என்றாள் அம்மா. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குழைத்த குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

அதே சமயத்தில் எங்கள் ஆலைக்கு இத்தாலி எந்திரங்கள் வாங்கினார்கள். பயிற்சிக்கு இரண்டு அணிகள் போகவேண்டும், ஜூலையில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. எனக்கு ஜூலை விழுந்தது. இத்தாலி வரை போனால் பக்கத்தில்தானே கிரேக்கம், பயிற்சி முடிந்து நான்கு நாள் விடுப்புக் கேட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் தாய்மாமன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆடி பொறக்குது. ஆடில போயி எலும்பெடுக்கப் பொறப்படறதா? வேண்டாங்கண்ணு. ஒரு மாசந்தான, பொறுத்துக்க. எலும்பு எங்கயும் ஓடிப் போயிராது." பழியை மாமன்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு சக ஊழியரிடம் பேசி, ஜூலையை அவருக்குக் கொடுத்துவிட்டுச் செப்டம்பரை வாங்கிக்கொண்டேன்.

இத்தாலியின் தெற்கு முனையிலிருந்து ஒரு ராத்திரிக் கப்பல், பிறகு இரண்டு பஸ், இடையில் இன்னொரு ராத்திரி பஸ் நிலையத்தில். நாஃப்லியோவில் இறங்கும்போது காலை எட்டு மணி இருக்கும். கையில் ஒரு பை. சட்டைப் பையில் அலமாரியிலிருந்து எடுத்துவந்த அந்தக் கடிதம். என்னிடம் இருந்த விலாசம் அது ஒன்றுதான். அதில் ஏதோ ஓர் எண் இருந்தது. அது கல்லறை எண்ணாக இருக்கும், யாரிடம் காட்டினாலும் வழி சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன்.

முதலில் கடற்கரைக்குப் போனேன். தண்ணீருக்கு நடுவில் ஒரு குட்டிக் கோட்டை நின்றது. கரையில் வரிசையாக மேசைகள் போட்டு, சிவந்த வெள்ளைக்காரர்கள் காலையிலேயே மீன் தின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீரில் நின்ற கப்பலில்தான் என் தம்பி வெந்தான், இவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த மீன் கேட்கிறதா என்று வயிறு எரிந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அது பிறகு தோன்றியது, அப்போது தோன்றவில்லை. மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒருவனிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தான். முகம் மாறியது. என்னை உட்காரவைத்து, கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். எனக்கு வழிதான் வேண்டும் என்று கையை ஆட்டிக் காட்டினேன். ஊரின் உள்பக்கம் கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

உள்ளே போனால் சந்து சந்தாகப் படிகள். ஆள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே மரப் பலகணிகள், அதிலிருந்து காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பளிங்கு பாவிய ஒரு சதுக்கம் வந்தது. மழை பெய்த மாதிரி வழுக்கியது. பயிற்சிக்காக வாங்கிய புது ஷூ குதிகாலைக் கடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ரொட்டிக் கடைக்காரம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு நெஞ்சில் சிலுவைக்குறி போட்டாள். குங்குமத்தைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். பிறகு ஒரு ரொட்டியை எடுத்து என் கையில் திணித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. செத்து மூன்று வருஷமானவனுக்கு இப்போது எதற்கு இத்தனை நாடகம், வழியைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று தமிழிலேயே முனகினேன். அவள் ஊருக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற மலைக்கோட்டைப் பக்கம் விரலைக் காட்டினாள்.

கோட்டையின் அடிவாரத்துக்கு அந்தப் புறம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நானோ கோட்டையே என்று எடுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தேன். மருதமலை ஏறிய காலுக்கு இதென்ன என்று நினைத்தேன். ஏற ஏறத் தீரவில்லை. தொள்ளாயிரத்துச் சொச்சம் படி என்று இறங்கிவந்த ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். இரண்டு பக்கமும் பாறையும் சப்பாத்திக்கள்ளியும். பாதி மலையில், மூச்சு வாங்க உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன். மூன்று வருஷமாக ஒரு வேளைச் சோறு தின்கிறவளின் மகன், தம்பியைத் தேடி வந்த இடத்தில் வயிறு பசித்துத் தின்றேன். இன்னும் கொஞ்சம் ஏறி ஒரு திருப்பத்தில் நின்றபோது, கீழே பின்பக்கத்து வீடுகளைத் தாண்டி, கரும்பச்சையாகச் சில சைப்ரஸ் மரங்களும் அவற்றுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கற்களும் தெரிந்தன. அதுதான் இடம் என்று சொல்லாமலே தெரிந்தது. கீழே ஓடாத குறையாக இறங்கினேன்.

அடிவாரத்தைச் சுற்றிப் பின்பக்கத் தெருவுக்குள் நுழைந்தபோது குதிகாலில் ரத்தம். ஒரு மருந்துக்கடை இருந்தது. பிளாஸ்திரி வாங்கலாம் என்று போனேன். கடைக்காரி என் வயதுக்காரி, என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசினாள். என்ன வேலையாக வந்தேன் என்று அவளே கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள். இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள். மரியாதைக்கு வைப்பது என்றேன். அதற்கடியில்தான் தேதி இருக்கிறது என்று சொல்லி, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, பையப் பையக் குங்குமத்தைத் துடைத்தாள்.

அது அனுதாபக் கடிதம் இல்லை. அந்த ஊரில் கல்லறை மூன்று வருஷத்துக்குத்தானாம். இடம் போதாது. பிறகு தோண்டி எலும்பை எடுத்து, சொந்தக்காரர்கள் வந்தால் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். யாரும் வராவிட்டால் பொதுக் குழியில் சேர்த்துவிடுவார்கள். இன்ன தேதிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பஞ்சுக்கடியிலிருந்து வெளியே வந்தது ஆகஸ்ட் மாதத் தேதி. ஐந்து வாரம் ஆகியிருந்தது.

ஜூலையில் புறப்பட்டிருந்தால் கைநிறைய நாள் இருந்திருக்கும். நான் அந்தக் கடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குனிந்து குதிகாலுக்கு மருந்து போட்டாள். பிறகு மத்தியானத்துக்குக் கடையை அடைத்துவிட்டு, வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கல்லறைக் காவலருக்கு அறுபது வயதிருக்கும். அவர் ஏட்டைப் பார்க்கவே இல்லை. தம்பியின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். மதில் ஓரம் கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே புது மரச் சிலுவை, வாடாத பூ. தம்பி படுத்திருந்த இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். எலும்பை எடுத்தால் சொந்தக்காரர்கள்தான் திராட்சை மதுவில் கழுவுவார்களாம். உன் தம்பிக்கு யாரும் வராததால் இவரே கழுவினார் என்று அவள் சொன்னாள். காவலர் தன் இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டினார். அண்ணன் செய்யவேண்டியதை அந்தக் கைகள் செய்திருந்தன. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்றுதான் தோன்றியது.

பின்னால் ஒரு சின்ன அறை. தரையில் இரும்பு மூடி. காவலர் கொக்கியைப் போட்டுத் தூக்கினார். உள்ளே ஊர் முழுக்க இருந்தது. யார் யாரென்று யாருக்கும் தெரியாது. மேலே கிடப்பவை இந்தக் கோடையில் போட்டவை, ஏழெட்டுப் பேர், உன் தம்பி அதில் இருக்கிறான், எதுவென்று இவரால் சொல்ல முடியாது என்று அவள் சொன்னாள். காவலர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ சொல்ல, அவள் வெளியே போனாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். மூடியை மூடவில்லை.

குனிந்து, கைக்கு எட்டியதை எடுத்தேன். ஒரு முன்கை எலும்பு. துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு வேண்டியது ஓர் எலும்பு, அது கிடைத்துவிட்டது, இனி அவள் இரண்டு வேளை சாப்பிடுவாள். பஸ்ஸிலும் கப்பலிலும் மட்டும் அல்ல, ஊர் வந்து சேரும் வரைக்கும் இதையே மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கொண்டாந்துபோட்டயா கண்ணு?" என்றாள் அம்மா, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"கொண்டாந்துட்டேம்மா. மரியாதையா எடுத்துக் கழுவிக் குடுத்தாங்க."

மூன்றாம் நாள் கொடுமுடிக்குப் போனோம். காவேரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. ஐயர் எள்ளும் பிண்டமும் வைத்து மந்திரம் சொன்னார். ஆற்றில் விடுவதற்கு முன் அம்மா துண்டைப் பிரித்து, எலும்பைக் கையில் வாங்கினாள். குழந்தைக்கு எண்ணெய் தடவுவதுபோல, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கட்டைவிரலால் நீவினாள். நடுவில் நின்றாள். திருப்பிப் போட்டு மறுபடி நீவினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வயதில் தம்பி வண்டியிலிருந்து விழுந்து இரண்டு முன்கையும் ஒடிந்தன. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அதை மறைக்கத்தான் அவன் கடைசிவரை முழுக்கைச் சட்டை போட்டான். கட்டுப் போட்ட கைகளோடு இருந்தவனுக்கு மூன்று மாதம் சோறு ஊட்டியவள் அம்மா. அவள் கையில் இருந்த எலும்போ அளவுகோல்போல நேராக இருந்தது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"அவன் எங்கடா?"

சொன்னேன். கடிதம், ஆடி, ஐந்து வாரம், குழி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரமாகிறது என்று ஐயர் கரையிலிருந்து சொன்னார்.

அம்மா அந்த எலும்பை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கினாள். "ஆரு பெத்தவிங்களோ தெரியலீங்க. நல்லபடியாப் போங்க சாமி" என்று, விருந்தாளியை வழியனுப்புவதுபோலச் சொல்லி, கையை விட்டாள்.

எலும்பை விட்டவர்கள் தலை முழுகிவிட்டுத்தான் கரையேற வேண்டும். ஐயர் மூன்று முழுக்குப் போடச் சொன்னார்.

"எதுக்குங்க? என்ற பையனுக்கு இன்னும் ஆகலீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா உலர்ந்த தலையோடு படியேறினாள்.