குழாய் வளைந்த இடம்

குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டு, போன வாரம் குடும்பத்தோடு கிளம்பினோம். அருவியில் குளித்துத் தலை துவட்டுவதற்குள் போன். புளியங்குடி சண்முகையா அண்ணாச்சி! எலுமிச்சைத் தோட்டக்காரர், பல வருடப் பழக்கம்.

"தம்பி, தென்காசி கல்யாண மண்டபத்துல கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கு. எண்ணெய்க் குழாய் நம்ம தோட்டத்து வழியாத்தான் போவுதாம். கொஞ்சம் வாரியளா?"

ஈரத் தலையோடு ஓடினேன்.

விஷயம் இதுதான். முதலில் மலையடிவாரத்தில் குழாய்க்குப் பாதை குறித்தார்கள். காடு அழியும், யானை எங்கே போகும் என்று எதிர்ப்பு. நியாயம்தானே? நானே கையெழுத்துப் போட்டேன். அடுத்த பாதை, ஒரு அரசியல் பிரமுகரின் ரிசார்ட் வழியாக. அவ்வளவுதான்... கொடி, மறியல், 'மண்ணைக் காப்போம்' கோஷம்! பாதை வளைந்தது. வளைந்து வளைந்து எங்கே வந்து நின்றது? எந்தக் கட்சிக் கொடியும் பிடிக்காத அண்ணாச்சியின் தோட்டத்தில்.

மேடையில் அதிகாரி. எதிர்க்க வந்த இடத்திலும் அண்ணாச்சி வழக்கத்தை விடவில்லை. ஒரு கூடை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்து அதிகாரி கையில் மரியாதைக்குக் கொடுத்தார்கள் — ரிசார்ட் பிரமுகர் உட்பட. மேஜையில் பழம் குவிந்துவிட்டது.

அண்ணாச்சி எழுந்தார். "காய்க்குத மரம் சார். வெட்டச் சொன்னா நாங்க எங்கன போவோம்?"

"பதறாதீங்க பெரியவரே. நிலம் உங்க பேர்லயேதான் இருக்கும். குழாய் போற இடத்துல மட்டும் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது" என்றார் அதிகாரி.

"மரமும் கிணறும் இல்லாம நிலத்த வச்சு என்ன செய்ய? பாத்துக்கிட்டே இருக்கவா?"

பின்வரிசையில் சிரிப்பு.

பிரமுகர் மைக்கைப் பிடித்தார். "நாட்டு முன்னேற்றத்துக்கு நாமதான் விட்டுக்குடுக்கணும் அண்ணாச்சி."

நாமா? இவர் எதை விட்டுக்கொடுத்தார்? ரிசார்ட் புல்தரையில் ஒரு புல்லையாவது? யானைக்காகப் பேச ஆள் உண்டு, நானும் பேசினேன். ரிசார்ட்டுக்குக் கட்சியே உண்டு. ஒரு மனிதன் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் மட்டும் சுற்றுச்சூழலில் சேராதா? கோபத்தில் எழுந்து இதையே கேட்டேன். 'கருத்து பதிவு செய்யப்பட்டது' என்றார்கள். கூட்டம் முடிந்தது.

அண்ணாச்சி காலிக் கூடையோடு வாசலில் நின்றார். உதவியாளர் மேஜையிலிருந்த பழங்களை ஒன்று விடாமல் பையில் அள்ளி, அதிகாரியின் ஜீப்பில் ஏற்றினார்.

மரம்தான் ஆகாதாம்... பழத்துக்கு ஆட்சேபணை இல்லை!