ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்த படம்

என் டைரியில் திங்கட்கிழமைக் குறிப்பு: "படத்தைக் கைபேசியில் வாடகைக்கு எடுத்து இறக்கியாயிற்று. முப்பது நாள் பார்க்கலாம்."

பொள்ளாச்சியில் எடுத்த அந்தப் பழைய படத்தின் சந்தைக் காட்சியில் மாடு பிடித்து நிற்பது தான்தான் என்பார், படுக்கையில் இருந்த அப்பா.

"நடிச்சது நீங்களா, மாடுங்களா மாமா?" என்று என் மனைவி சீண்டுவாள்.

"படத்தப் போடு கண்ணு, தெரியும்."

சரியாக ஓடுகிறதா என்று திங்களன்றே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஞாயிறன்று அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்துத் திறந்தால், காலாவதி என்றது. ஓட்டத் தொடங்கிய பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம்தானாம்; நான் அதைப் படிக்கவில்லை. மறுபடி எடுத்து, அது இறங்குவதற்குள் அப்பா தூங்கிப்போனார். மறுநாள் அவர் எழவில்லை.

இப்போது நிபந்தனைகளை முழுவதும் படிக்காமல் எதையும் தொடுவதில்லை.

காட்சியை நான் மட்டும் பார்த்தேன். மாடு பிடித்தவரின் முதுகுதான் தெரிகிறது. அது அப்பாவா என்பது இன்னும் உறுதியாகவில்லை.