தூங்கியே ஜெயித்த போர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பட்டியல் இல்லாமல் போகமாட்டேன். போன வாரப் பட்டியல்: மிக்ஸி மூடிக்கு ரப்பர், ஸ்க்ரூடிரைவர், மணி பிளான்ட். வாங்கி வந்ததோ இருபது முகம் கொண்ட நீலப் பகடை ஒன்று. பழைய ரிமோட் குவியலில் கிடந்தது. "அது இன்னான்னே தெர்ல அக்கா, சும்மா எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியும். கையில் எடுத்ததும் சந்தையின் துரு வாடை போய், சேலையூரில் தோழி ஜெனி வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் பாசி வாடை வந்தது.

அந்த மாடியில்தான் ஞாயிறு மாலைகளில் விளையாடுவோம். பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நடத்தியவன் விவேக், எங்கள் கல்லூரி சீனியர், கைதட்டல் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். ஒருநாள் குரலைத் தாழ்த்தி அவன் டிராகனை இறக்கிய நேரம், விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்து போனது. எல்லோரும் அண்ணாந்தோம்.

"டிராகனைவிட இதுக்குத்தான்டி பயமா இருக்கு" என்றாள் ஜெனி.

அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தவர் மென்பொருளில் பிழை தேடும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்து விதிகளைப் போர்க்களத்துக்கு மாற்றினேன். டிராகனுக்குப் பதில் எழுந்து நடமாடும் பிணங்கள் எதிரிகள். வாள் துப்பாக்கியானது, தோட்டா தீரும். மந்திரவாதி வயர்லெஸ்காரர் ஆனார். அவர் அழைத்தால் சிலசமயம் செத்தவர்கள் பதில் சொல்வார்கள். குகை பதுங்குகுழியானது; அதன் இரும்புக் கதவைப் பிணங்களால் உடைக்க முடியாது. ஒன்று மட்டும் இடித்தது. பழைய விதிப்படி தூங்கி எழுந்தால் காயமெல்லாம் ஆறிவிடும். குண்டு விழும் ஊரில் அது எப்படி? அதனால் அச்ச விதியைச் சேர்த்தேன்: தூங்கினால் காயம் ஆறும், கூடவே அச்சம் ஏறும். அச்சம் நிறைந்த சிப்பாய் தானே எழுந்து கதவைத் திறந்துவிடுவான். மொத்த விளையாட்டும் அதன்மேல்தான் நின்றது.

பிறகு தாம்பரத்தில் ஒரு காபிக் கடை மாடியில் புது ஆட்களைக் கூட்டி அதை விளையாட ஏற்பாடானது. அறிவிப்பில் 'உருவாக்கம்: விவேக்' என்றிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. கேட்டேன்.

"நீ டைப் பண்ணிதானே குடுத்த? ஐடியா எல்லாருதும்தான். அந்த பயப்படுற மேட்டரைத் தூக்கிட்டேன். சோல்ஜர் பயப்படமாட்டான்மா. அதெல்லாம் லேடீஸ் சென்டிமென்ட்."

திருட்டைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ, அந்த 'மா'வைப் பொறுக்க முடியவில்லை. ஆனால் நான் கத்தவில்லை. மனதுக்குள் பட்டியல் போட்டேன். போவது. சிரிப்பது. அவன் விதிப்படி மட்டுமே விளையாடுவது.

கூட்டத்தன்று முதல் சண்டையில் எல்லோருக்கும் காயம். பதுங்குகுழிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினோம்.

"பிணங்க கதவைப் பிராண்டுது! என்ன பண்றீங்க?" என்றான் விவேக்.

"தூங்குறோம்" என்றேன்.

"பிராண்டுதுன்னு சொல்றேன்!"

"கேக்குது. கதவு உடையாது, தூங்கினா காயம் ஆறும். ரூல் அதானே?"

கதையில் விடிந்தது. காயம் ஆறியது. போனோம், சுட்டோம், அடிபட்டோம், வந்து தூங்கினோம். எதிரே இருந்த புதுப் பையன், "மச்சான், எனக்கும் ஒரு பாய் போடு" என்றான். ஜெனி குறட்டை விட்டாள். மேசையே சிரிப்பில் குலுங்கியது.

"இப்படியெல்லாம் ஆடக்கூடாது!"

"எந்த ரூல்ல இருக்கு, சார்? நீங்க எழுதினதுதானே?"

'இது அவள் எழுதியது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அதற்காக நிஜமாகவே காத்திருந்தேன். அவன் பகடைகளை அள்ளிப் பையில் போட்டான்.

"இதுல ஏதோ மிஸ்ஸிங்" என்றான் புதுப் பையன். அச்ச விதியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒருவர் மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

விவேக் அப்புறம் ஜெனி வீட்டு மாடிக்கு வரவில்லை. அவன் இல்லாமல் நடத்த ஆளில்லை, எல்லோரும் கலைந்தோம். காபிக் கடை மாடியில் இன்று செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஜெனி வெளிநாட்டில். தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் இன்னொரு தளம் எழும்பிவிட்டது. விமானங்கள் மட்டும் அப்படியே சுற்றுகின்றன. எனக்கும் கோபம் போயிருக்குமோ என்று, சந்தையிலிருந்து வந்ததும் அந்தப் பகடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். போகவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.